மாற்றியமைத்த மோட்டார் சைக்கிளை மீண்டும் சீர்செய்தல்

பெரும்பாறை, தாண்டிக்குடி வட்டாரத்தில் காபியும் மிளகும் மலை வாழையும் பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளன்று. மண்வெட்டியைப் போல் அதுவும் ஒரு கருவியே. புதியது வாங்க இயலாதோர் பழைய வண்டியை நாடுகின்றனர். அவ்வண்டி பெரும்பாலும் கணவன் மனைவி இருவருக்கும் உரியது. மனைவி பின்னால் அமர்ந்து சித்தரேவுக்கு இறங்குவார்; பழகியபின் தாமே ஓட்டவும் செய்வார். ஆனால் மலிவாகக் கிடைக்கும் வண்டிகளுள் பல, முன்னர் வைத்திருந்தவர் தம் விருப்பப்படி உருமாற்றியவை. அத்தகைய வண்டியைத் தொழிற்சாலை தந்த நிலைக்குக் கொணரும் முறையை இங்கு விளக்க விரும்புகிறோம்.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது. கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை உறுதிசெய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்றியவர் வேறொருவர் என்று கூறி, வண்டியைக் கையில் வைத்திருப்பவர் தொல்லையினின்று எளிதில் நீங்கிவிட முடியாது.

அடுத்து, உயிரைக் காக்கும் பாகங்கள். அழகு கருதி முதலில் கழற்றப்படுவது பின்சக்கரத்தின் ‘சாரி கார்டு’ ஆகும். பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காதவாறு பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு, கைப்பிடி, கால்மிதி ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும் என 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 123-ஆவது விதி கூறுகிறது. சின்னாளபட்டிச் சுங்குடியை நெய்யும் அங்கத்தினர்களுக்கு இதன் காரணத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுழலும் உருளையில் நூல் சிக்கினால் எவ்வளவு விரைவில் இழுபடும் என்பதை அவர்கள் அறிவர். ஆரக்கால்களுக்கும் செயினுக்கும் இடையே முந்தானை அகப்பட்டால், அமர்ந்திருப்பவரையும் அது கீழே இழுத்துவிடும். ஆகவே இக்காப்பைப் பொருத்தும்வரை மனைவியை அவ்வண்டியில் ஏற்றலாகாது.

மூன்றாவது, ஹாண்டில்பார். உயரமான அல்லது அகலமான ஹாண்டில்பாரை மாட்டிவிட்டுப் பழைய கேபிள்களையே விட்டு வைப்பவர் உண்டு. சமவெளியில் இக்குறை தெரியாது. கொண்டை ஊசி வளைவில் முழுவதும் திருப்பும்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபட்டு, ஓட்டுபவர் முறுக்காமலே எஞ்சின் வேகங்கொள்ளும். வண்டியை நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் ஹாண்டில்பாரை இருபுறமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் ஓசை உயருமாயின் கேபிளின் நீளமோ அது செல்லும் வழியோ பிழையானது என்க.

நான்காவது, செயின் ஸ்பிராக்கெட். வேகத்தை விரும்புவோர் பின்புறம் சிறிய ஸ்பிராக்கெட்டை மாட்டுவர். அதனால் ஏற்றத்தில் இழுவை குறையும். இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஆற்றலும் குறையும். அச்சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழுந்து அது சூடேறும். உற்பத்தியாளர் கையேட்டில் கண்ட பற்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டு அதனையே பொருத்துக. டயரும் அங்குக் குறித்த அளவினதாகவே இருத்தல் வேண்டும். அளவு மீறி அகன்ற டயர் செயினிலோ சட்டத்திலோ உராயக்கூடும்.

ஐந்தாவது, சைலன்சர். தொழிற்சாலையில் ஒலியளவைச் சோதிக்கையில் 80 முதல் 175 சி.சி. வரை உள்ள வண்டிக்கு 77 டெசிபல், அதற்கு மேற்பட்டதற்கு 80 டெசிபல் என வரம்பு உண்டு. உட்குழல் நீக்கிய சைலன்சர் அதனைக் கடந்துவிடும். கார்புரேட்டர் வண்டியாயின் காற்று, பெட்ரோல் கலவையின் விகிதமும் குலைந்து எஞ்சின் மிகைவெப்பம் அடையலாம்.

இனிச் செலவு. மேற்கூறிய பாகங்களை ஒரு தாளில் எழுதி, கடையில் விலை கேட்டு, அத்தொகையைக் கேட்கப்படும் விலையுடன் கூட்டுக. முப்பதாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் உருமாறிய வண்டிக்குப் பன்னிரண்டாயிரம் செலவாகுமெனில் அதன் மெய்விலை நாற்பத்திரண்டாயிரம். நாற்பதாயிரத்துக்கு மாறாத வண்டி கிடைப்பின் அதுவே இலாபம். விற்பவர் கழற்றிய அசல் பாகங்களைத் தம் வீட்டுப் பரணில் வைத்திருப்பதும் உண்டு. முன்பணம் தருமுன்னரே அவற்றைக் கேட்டுப் பெறுக. கைப்பணம் குறைவாயின் பிரேக், டயர், ஹாண்டில்பார், ஸ்பிராக்கெட், சாரி கார்டு ஆகியவற்றை முதலில் முடித்து, அடுத்துச் சைலன்சரை மாற்றுக. பெயின்டும் மெருகும் இறுதியில் வரலாம்.

பத்திரங்களிலும் கவனம் வேண்டும். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யுடன் ஒப்பிடுக, கடன் பதிவு உளதா எனக் காண்க. ஒரே மாநிலத்திற்குள் கைமாறினால் விற்பவர் 14 நாட்களிலும் வாங்குபவர் 30 நாட்களிலும் பதிவு அலுவலகத்திற்கு அறிவித்தல் வேண்டும். இன்ஷூரன்ஸ் மாற்றத்திற்கும் 14 நாட்களில் விண்ணப்பிக்க வேண்டும். மனைவியே ஓட்டப் போகிறாரெனின் நேரே அவர் பெயரிலேயே பதிவு செய்க. கணவன் பெயரில் வாங்கிப் பின்னர் மாற்றுவது இருமுறைச் செலவு.

பணம் தருமுன் மனைவியையும் உடனழைத்துச் சென்று வண்டியில் அமரச் செய்யுங்கள். கால் தரையில் ஊன்றுகிறதா, பிரேக் கைக்கு எட்டுகிறதா, பின்னிருக்கையில் பிடித்துக்கொள்ள இடமுண்டா என அவரே சொல்லட்டும். அவர் வேண்டாமென்ற வண்டி எத்துணை மலிவாயினும் அக்குடும்பத்திற்கு ஏற்றதன்று. அங்கத்தினர்கள் இதனைக் கருத்திற்கொண்டு நடப்பார்களாக.