கடல் தாண்டினால் ‘ஏ’ மண்டலம்: அந்தமான் தமிழர் கரைய வேண்டுமா, நிலைக்க வேண்டுமா?

புதுதில்லி: 1976-ம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று தொடக்கத்திலேயே கூறுகின்றன. இந்தி எதிர்ப்புப் போராட்டங்களின் நினைவு ஆறாத காலத்தில் எழுதப்பட்ட விதிவிலக்கு அது. ஆனால், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடக்கும் தமிழர், அந்தமானில் கால் வைத்ததும் வேறொரு வரைபடத்துக்குள் நுழைகிறார். இன்று நடைமுறையில் உள்ள அதே விதிகளின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகள், உத்தரப் பிரதேசம், பிகார், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களுடன் ‘ஏ’ மண்டலத்தில் வைக்கப்பட்டுள்ளன. இம்மண்டலத்தில் வாழும் ஒருவருக்கு மத்திய அரசு அலுவலகம் எழுதும் கடிதம் பொதுவாக இந்தியில்தான் இருக்க வேண்டும்.

இந்திப் பிரதேசமாகக் கருதப்படும் இத்தீவுகளில் இந்தியைத் தாய்மொழி என்று கூறியோர், 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முதலிடம் வங்காளிக்கு, சுமார் 28 சதவீதம். தமிழ் சுமார் 15 சதவீதம், தெலுங்கு 13 சதவீதம், மலையாளம் 7 சதவீதம். தென்னகத்தின் இம்மூன்று மொழிகளைப் பேசுவோரை மட்டும் கூட்டினாலே இந்தி பேசுவோரைவிட ஏறத்தாழ இரு மடங்கு.

இக்கணக்கில் தமிழர் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. 2001-ல் தீவுகளின் மக்கள்தொகையில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் 17 சதவீதத்துக்கும் மேல். பத்தாண்டுகளில் மொத்த மக்கள்தொகை 3.56 லட்சத்திலிருந்து 3.80 லட்சமாக உயர்ந்தது. ஆனால் தமிழரின் விகிதம் மட்டுமன்றி எண்ணிக்கையும் குறைந்தது. ஊர் திரும்பியோர் எத்தனை பேர், 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் வெளியேறியோர் எத்தனை பேர், தமிழ் வீட்டில் பிறந்தும் வேறு மொழியைத் தாய்மொழியாகப் பதிந்தோர் எத்தனை பேர் என்பதை அந்த அட்டவணை பிரித்துச் சொல்லவில்லை. குடியேறியவர்கள் வந்த இடத்தோடு கரைந்துவிட வேண்டுமா, தம் மொழியையும் பண்பாட்டையும் காத்து நிற்க வேண்டுமா என்ற கேள்வி இங்கு எண்களாகவே நிற்கிறது.

யார் குடியேறி?

தெற்கு அந்தமானில், தலைநகரை ஒட்டியுள்ள புரோத்ராபூர் இக்கேள்வியை உரசிப் பார்க்கத் தக்க ஊர். 2011 கணக்கெடுப்பில் பத்தாயிரம் பேர் அளவுக்கு வாழ்ந்த சிற்றூர்; மாவட்டச் சிறை இருப்பது இங்குதான். வங்காளி, தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் குடும்பங்கள் அக்கம்பக்கமாக வாழும் தலைநகர்ப் புறப்பகுதிகளில் இதுவும் ஒன்று. இந்த வட்டாரத்தில் எந்தத் தெருவிலும் எவரும் மற்றவரைப் பார்த்து ‘நீ வந்தேறி’ என்று சொல்லிவிட முடியாது. சொல்பவரின் பாட்டனும் கப்பலில் வந்தவரே.

1858 மார்ச் மாதம் 200 கைதிகளுடன் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பைத் தொடங்கினர். தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியைக் கழித்த கைதிகள் நிலம் பெற்று, பெண் கைதிகளை மணந்து குடும்பமாயினர். சாதி, மாநிலம், சில வேளைகளில் மதம் ஆகிய எல்லைகளையும் தாண்டிய அம்மணங்களின் வழித்தோன்றல்களே இன்று ‘உள்ளூரார்’ எனப்படும் சமூகத்தினர். அவர்களின் பொதுமொழி இந்துஸ்தானி ஆயிற்று. கரைதல் என்பதற்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. ஆனால் அந்தக் கரைதல் எவரும் விரும்பித் தேர்ந்தது அன்று. திரும்பிப் போக வழியற்ற சிறைவாழ்வு திணித்தது.

அதே தீவில் எதிர்த்திசைச் சான்றும் உண்டு. 1921-ம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார், தாம் குடியேறிய இடங்களுக்குக் கோழிக்கோடு, மஞ்சேரி, திரூர் என்று பிறந்த மண்ணின் பெயர்களையே வைத்தனர். 1925-ல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள், மாயாபந்தரை அடுத்த வெபி முதலிய ஊர்களில் தம் மொழியை இன்றும் பேசுகின்றனர். நூறாண்டு கடந்தும் தனித்தன்மை காத்த இவ்விரு சமூகங்களாலும் தீவின் ஒற்றுமைக்குக் குந்தகம் நேர்ந்ததாக எவரும் கூறியதில்லை.

பட்டியலில் விடுபட்டோர்

விடுதலைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் அரசின் குடியேற்றத் திட்டங்களின் கீழ் நிலம் பெற்று வந்தனர். தமிழரின் வரலாறு வேறு. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய இலங்கை மலையகத் தமிழர்களில் சில குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் அமர்த்தப்பட்டன. ஏனைய தமிழர்களில் பெரும்பாலோர் காடு வெட்டவும், சாலை போடவும், கட்டடம் கட்டவும், கடை வைக்கவும் தாமாகவோ ஒப்பந்தக்காரர் வழியாகவோ கப்பலேறியவர்கள். அரசு அழைத்து வராததால் அரசின் ஏட்டிலும் அவர்களுக்குத் தனி இடம் இல்லை.

இதன் விளைவு வெறும் உணர்வு சார்ந்தது அல்ல. 1942-க்கு முந்தைய உள்ளூரார், மாப்பிள்ளைமார், கரேன், பாந்து, குடியேற்றத் திட்ட வங்காளியர் ஆகியோர் தீவுகளின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் பெற்றனர். உழைக்க வந்த தமிழருக்கு அப்படியொரு இடம் கிட்டவில்லை. இன்னொரு புறம், சேகர் சிங் குழுவின் பரிந்துரைகளை ஏற்று 2002 மே 7-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியதோடு, வெளியிலிருந்து வந்து குடியேறுவோரைக் குறைக்கவும், தீவுவாசிகளுக்கு அடையாள அட்டை வழங்கவும் வழி வகுத்தது. தீவின் சுற்றுச்சூழலுக்கு அது தேவையான நடவடிக்கைதான். எனினும், எந்த ஆண்டுக்கு முன் வந்தவர் தீவுவாசி, எவர் அன்னியர் என்ற கேள்வி அதன்பின் ஒவ்வொரு குடும்பத்தின் அலமாரியிலும் உள்ள காகிதங்களைப் பொறுத்ததாயிற்று.

இதைப் பேசித் தீர்க்க அவர்களுக்குச் சட்டமன்றமும் இல்லை. யூனியன் பிரதேசமான இத்தீவுகளை மத்திய உள்துறையின் கீழ் துணைநிலை ஆளுநர் நிர்வகிக்கிறார். மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். 1967-க்கு முன் அவரும் நியமன உறுப்பினரே.

பள்ளிக்கூட வாசலில்

அரசியல் சட்டத்தின் 29-வது பிரிவு, தனி மொழியும் எழுத்தும் பண்பாடும் கொண்ட எந்த மக்கள் பிரிவுக்கும் அவற்றைக் காத்துக்கொள்ளும் உரிமையை அளிக்கிறது. 1956-ல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்யப் பணிக்கிறது. அந்தமான் அரசுப் பள்ளிகளில் இந்தி, ஆங்கிலம் தவிர வங்காளி, தமிழ், தெலுங்கு ஆகியனவும் பயிற்றுமொழிகளாக இருந்து வந்துள்ளன. அவ்வகையில் பல மாநிலங்களைவிட இத்தீவுகள் தாராளமானவை.

உரிமை ஏட்டில் இருப்பது வேறு. பிள்ளையைத் தமிழ் வகுப்பில் சேர்ப்பது வேறு. பொதுத்தேர்வு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தினுடையது. அரசு அலுவலகத்தின் மொழி இந்தியும் ஆங்கிலமும். சந்தையின் மொழி இந்துஸ்தானி. புரோத்ராபூரில் கூலி வேலை செய்யும் தமிழ்க் குடும்பம் எந்த வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. எவரும் தமிழைத் தடை செய்யவில்லை. தமிழால் ஆகும் காரியங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. கரைதல் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

மொழி போனாலும் பண்பாடு நிற்கும் என்று சிலர் வாதிடக்கூடும். வெற்றிமலை முருகன் கோயிலின் பங்குனி உத்திரத்தில் தமிழரல்லாதாரும் காவடி எடுக்கின்றனர் என்பது உண்மையே. மொரீஷியஸ் அதற்கு முன்னோடி. அங்குள்ள தமிழ் வம்சாவளியினரில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். ஆயினும் தைப்பூசக் காவடி அங்கு அரசு விடுமுறை. 1998-ல் அந்நாட்டின் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து இந்திக்குப் பின்னே தள்ளப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. பேச இயலாத மொழிக்காகவும் மனிதர் போராடுவர் என்பது அதன் பெருமை. எழுத்து நோட்டில் நிலைத்தது, பேச்சு நாவில் நிலைக்கவில்லை என்பது அதன் துயரம்.

இருமுனைக் கத்தி

தமிழர் இவ்வாதத்தை முன்வைக்கும்போது அது தம் பக்கமும் திரும்பும் என்பதை மறக்கலாகாது. தமிழ்நாட்டில் 2006-ம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம், தெலுங்கு, உருது, கன்னடம், மலையாளம் பேசும் சிறுபான்மை மாணவருக்கும் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயமாக்கியது. அச்சிறுபான்மையினர் நீதிமன்றம் சென்றனர். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டுத் தேர்வுக்கு விலக்கு அளித்தது. வாழும் மண்ணின் மொழியைக் கற்பது கடமை என்று ஓசூரில் சொல்வோர், தாய்மொழியைக் காப்பது உரிமை என்று அந்தமானில் சொல்கின்றனர். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும். ஆனால் இரண்டையும் இரண்டு இடத்திலும் சொல்ல வேண்டும்.

இன்னும் கூர்மையான கேள்வி தீவின் காட்டுக்குள் இருக்கிறது. குடியேறியவர் மண்ணின் பண்பாட்டோடு கலக்க வேண்டும் என்பது நெறியானால், அந்தமானில் அனைவரும் பெரிய அந்தமானியரின் மொழியையன்றோ கற்றிருக்க வேண்டும்? நடந்ததோ நேர்மாறு. நோயும் ஆக்கிரமிப்பும் அவர்களைச் சில பத்துப் பேராகச் சுருக்கின. ‘போ’ மொழி பேசிய கடைசி மனுஷியான போவா மூதாட்டி 2010 ஜனவரியில் மறைந்தபோது, அம்மொழியும் உடன் மறைந்தது. எஞ்சிய பெரிய அந்தமானியர் இன்று பேசுவது பெரும்பாலும் இந்தி. வந்தவர் கரையவில்லை, இருந்தவர் கரைக்கப்பட்டனர்.

அந்தப் பாடத்தின் விளைவே, ஜாரவாக்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாகப் பொதுச் சமூகத்துக்குள் இழுக்கக் கூடாது என்ற 2004-ம் ஆண்டுக் கொள்கை. ஆயினும், ஜாரவா காப்பகத்தினூடே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலைப் பகுதியை மூடுமாறு 2002-ல் உச்ச நீதிமன்றம் கூறிய பின்னும் அதில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சாலையை நம்பி வாழ்வோரில் தமிழரும் உண்டு.

அடுத்த அலை

வாதம் பழையதாயினும் நெருக்கடி புதியது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற கிரேட் நிக்கோபார் திட்டம், 2011-ல் எண்ணாயிரம் பேர் அளவுக்கே வாழ்ந்த தீவில் முப்பதாண்டுகளில் மூன்றரை லட்சம் பேரைக் குடியமர்த்தும் கணக்கில் வரையப்பட்டது. அது ஏறத்தாழ முழு யூனியன் பிரதேசத்தின் 2011 மக்கள்தொகைக்குச் சமம். அவர்கள் எம்மொழியினராயினும், இன்று தம்மைத் தீவுவாசி என்று கருதும் அனைவரும் ஒரே தலைமுறையில் சிறுபான்மையாகலாம். ஷொம்பென், நிக்கோபாரி மக்களின் நிலையோ இதனினும் இக்கட்டானது.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் சூட்டியபோது, சோழர் கடற்படைத் தளமாகத் தீவுகள் விளங்கியதை மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா நினைவுகூர்ந்தார். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி நிக்கோபாரை மாநக்கவாரம் என்று குறிப்பது தமிழர் அறிந்ததே. ஆயிரமாண்டுக்கு முந்தைய தமிழ்க் கப்பலுக்குப் பெயர்ப்பலகையில் இடம் தந்த அரசு, இன்று அங்கு வாழும் தமிழ்க் குழந்தையின் வகுப்பறைக்கு ஆசிரியரும் பாடநூலும் தருவதில் என்ன கணக்குக் காட்டுகிறது என்று கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் அறிக்கைகள் 350-பி பிரிவின்படி இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டியவை. அவற்றைப் படித்து வினா எழுப்ப, தமிழகத்திலிருந்து மக்களவைக்கு மட்டும் 39 பேர் இருக்கின்றனர்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. புரோத்ராபூரின் வீடுகளில் கணக்கெடுப்பாளர் கேட்கும் கேள்விகளில் தாய்மொழி பற்றியதும் ஒன்றாக இருக்கும். 2001-க்கும் 2011-க்கும் இடையே இறங்கிய தமிழின் எண்ணிக்கை மேலும் இறங்கியதா, நின்றதா என்பதை அந்தப் பதில்களே சொல்லும்.