யாருங்க அம்மணி நீங்க?

ஒரு ராஜா. ஒரு சாபம். பாதி தேவலோகம், பாதி பூலோகமா பிறந்த ஒரு பொண்ணு. ரெண்டு பேருக்கும் லவ்! இப்படி ஒன்லைன் சொன்னா, 'எந்த ஹாலிவுட் படம் பாஸ்?'னு கேட்பீங்க. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' ரசிகர்களுக்கு எல்ஃப் வம்சத்து ஆர்வெனும் மனுஷ ராஜா அரகார்னும் ஞாபகத்துக்கு வந்திருப்பாங்க. ஆனா, இது நம்ம நாட்டுச் சரக்கு. இங்கேயும் ஒரு மோதிரம் உண்டு!

பொண்ணு பேரு சகுந்தலை. அப்பா விசுவாமித்திர முனிவர், அம்மா தேவலோகத்து மேனகை. பிறந்ததுமே காட்டுல விட்டுட்டாங்க. எடுத்து வளர்த்தவர் கண்வ முனிவர். வேட்டைக்கு வந்த துஷ்யந்தன் பார்த்தான், கவிழ்ந்தான், காந்தர்வக் கல்யாணம் பண்ணிக்கிட்டான். மோதிரத்தைக் கொடுத்துட்டு, சீக்கிரம் கூட்டிக்கிறேன்னு ஊருக்குக் கிளம்பிட்டான்.

அவன் நினைப்புலயே இருந்த சகுந்தலை, வாசல்ல வந்து நின்ன துர்வாசரைக் கவனிக்கலை. கோபக்கார முனிவராச்சே! அவ யாரை நினைச்சுக்கிட்டிருக்காளோ, அவன் அவளை மறந்துடணும்னு சாபம் விட்டார். தோழிகள் கெஞ்சினதுல ஒரு சலுகை: அடையாளப் பொருளைக் காட்டினா நினைவு வரும். ஆனா, போற வழியில மோதிரம் தண்ணியில விழுந்து, அதை மீன் முழுங்கிடுச்சு. அரண்மனையில கர்ப்பிணியா வந்து நின்னவளை ராஜா கேட்டான்: 'யாருங்க அம்மணி நீங்க?'

ஆர்டர் ஷீட் இல்லாத காதல்!

திருப்பூர்க்காரங்களுக்கு இந்த சீன் சட்டுன்னு புரியும். வாய்வார்த்தையை நம்பித் துணியை வெட்டி, தெச்சு, பேக்கிங்கும் முடிச்ச பிறகு, 'நான் எப்போ சொன்னேன்?'னு பையர் கையை விரிச்சா எப்படி இருக்கும்? அதனாலதான் விவரமான மெர்ச்சன்டைசர், மெயில் வராம ஒரு பட்டனைக்கூட மாத்த மாட்டார். சகுந்தலைகிட்ட இருந்ததோ ஒரே ஒரு மோதிரம். அதுவும் போச்சு!

ஒரிஜினல்ல சாபமே இல்லை!

இதுவரை நீங்க படிச்சது காளிதாசரோட நாடகக் கதை. அதுக்கும் முந்தின கதை மகாபாரதத்துல, ஆதிபர்வத்துல இருக்கு. படிச்சா ஷாக் ஆயிடுவீங்க. அங்கே துர்வாசர் சாபம் இல்லை, மோதிரம் இல்லை, மீனும் இல்லை. ராஜாவுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு! ஆனாலும், மகனோட வந்து நின்னவளைத் தெரியவே தெரியாதுன்னு சபை நடுவுல சொல்றான். அசரீரி ஒலிச்ச பிறகுதான் ஏத்துக்கறான். அவ பேச்சை மட்டும் நம்பியிருந்தா ஜனங்க சந்தேகப்பட்டிருப்பாங்கன்னு ஒரு விளக்கம் வேற. 'நாலு பேர் என்ன சொல்வாங்க?' நோய் அப்பவே இருந்திருக்கு!

அந்தச் சகுந்தலையும் வேற ரகம். தனக்குப் பிறக்கிற பையன்தான் அடுத்த ராஜான்னு கல்யாணத்துக்கு முன்னாடியே கண்டிஷன் போட்டவ. சபையில தலைகுனிஞ்சு நிக்கலை. உண்மைன்னா என்ன, மனைவின்னா யாருன்னு ராஜாவுக்கே கிளாஸ் எடுக்குறா!

காளிதாசர் சாபத்தைக் கொண்டுவந்ததும் என்ன ஆச்சு பாருங்க. பொய் சொன்ன ராஜா, பாவப்பட்ட ராஜாவா மாறிட்டான். பழியில பாதி, விருந்தாளியைக் கவனிக்காத பொண்ணு தலையில விழுந்துடுச்சு. ஆனா, ஒண்ணு ஒத்துக்கணும். அவனை அவர் சும்மா விடலை. மீனவர் மூலமா மோதிரம் கிடைச்சு நினைவு திரும்பினதும், அவளோட ஓவியத்தை வெச்சுக்கிட்டுப் புலம்ப விட்டார். சிங்கக்குட்டியோட விளையாடுற மகன் பரதனைப் பார்த்த பிறகுதான் குடும்பம் ஒண்ணு சேருது.

நம்ம மனசுல தங்கினது இந்தச் சாபக் கதைதான். மறைமலையடிகள் தமிழுக்குக் கொண்டுவந்தது இதைத்தான். 1940ல எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்துல எம்.எஸ்.சுப்புலட்சுமியும் ஜி.என்.பாலசுப்பிரமணியமும் நடிச்ச 'சகுந்தலை'யும், 2023ல சமந்தா நடிச்ச 'சாகுந்தலம்' படமும் இதே கதைதான். சாபம் இருந்தாத்தானே ஹீரோவை மன்னிக்க முடியும்?

இப்போ உங்க கேம்பஸுக்கு வாங்க. மூணு வருஷம் ஒண்ணா சுத்திட்டு, ஃபைனல் இயர்ல நம்பரை பிளாக் பண்ணிட்டு, 'சூழ்நிலை சரியில்லை, வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க'ன்னு நழுவறவங்களைப் பார்த்திருப்பீங்க. பையனோ, பொண்ணோ, பிரியணும்னா முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் பிரியலாம். தெரியவே தெரியாதுன்னு சொல்றதுதான் கொடுமை.

அப்படி யாராச்சும் உங்களை மறந்துட்டதா சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'துர்வாசர் வந்தாருங்களா?'

வரலைன்னா, அது சாபம் இல்லீங்க... பச்சைப் பொய்!