உங்களுக்குத் தெரியுமா? பழைய மென்பொருளும் புதிய விண்டோஸும்

விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் மென்பொருள்கள் 64-பிட் விண்டோஸில் ஓடாது. 2021-இல் வந்த விண்டோஸ் 11-க்கோ, அவற்றை ஓட்டக்கூடிய 32-பிட் பதிப்பே கிடையாது.

இதில் ஒரு விசித்திரம்: 1990-களின் பல 32-பிட் மென்பொருள்கள் இன்றும் ஓடக்கூடியவைதான். ஆனால் அவற்றை நிறுவித் தரும் ‘செட்டப்’ நிரல் 16-பிட்! குறுந்தகடு கையில் இருந்தும் நிறுவ முடியாது. அதனால், பரவலாகப் புழங்கிய சில செட்டப் நிரல்களை 64-பிட் விண்டோஸ் அடையாளம் கண்டு, தன்னிடமுள்ள 32-பிட் நிரலை அவற்றுக்குப் பதிலாகத் தானே ஓட்டிவிடும். அருமையான ஏற்பாடு!

முழுக்க 16-பிட் ஆன மென்பொருளுக்கு, பழைய கணினியையே மென்பொருளாக உருவாக்கித் தரும் டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டர்கள் துணை. டாஸ்பாக்ஸுக்குள் விண்டோஸ் 3.1-ஐயே நிறுவி ஓட்டலாம்.