"இக்னைட்டர் போச்சு" என்று வருபவரிடம் என்ன கேட்பது, எதைக் கொடுப்பது?

ஐப்பசி மழை தொடங்கித் தை முடியும் வரை நமது வட்டாரத்தில் வெந்நீருக்குத் தனி மவுசு. கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பகுதி மலையடிவாரம் ஆதலால், மார்கழி விடியலில் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. தென்னை மட்டையும் பாளையும் எரித்து அண்டாவில் வெந்நீர் போட்ட வீடுகள் பலவற்றில் இன்று கேஸ் வாட்டர் ஹீட்டர் தொங்குகிறது. சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமியில் வரும் பக்தர்களோடு, 2025-ல் கூமாப்பட்டியின் பெயர் செல்போன் வழியே ஊரெங்கும் பரவியபின் பிளவக்கல் அணையைப் பார்க்க வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வாடகை அறை வைத்திருப்பவர்களும் இந்த ஹீட்டரை விசாரிக்கிறார்கள்.

ஹீட்டர் விற்றால் ரிப்பேரும் வரும். "அண்ணாச்சி, இக்னைட்டர் போச்சு, ஒண்ணு கொடுங்க" என்று வருபவருக்கு நமது சில்லறைக் கடைக்காரர்கள் உடனே பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மறுநாள் அதே பெட்டி, உறை கிழிந்து, வயர் முறுக்கித் திரும்பி வருகிறது. சில்லறைக்காரர் நம்மிடம் தள்ளுகிறார். நாம் கம்பெனிக்கு அனுப்பினால் "பழுது இல்லை" என்று எழுதி அனுப்புகிறார்கள். இப்படித் திரும்பி வந்தவற்றைக் கடையிலேயே இரண்டு செல் போட்டுச் சோதித்துப் பார்த்தோம். பெரும்பாலானவை நன்றாகவே பொறி விட்டன. ஆக, கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

அந்த ஹீட்டருக்குள் நடப்பது இதுதான். குழாயைத் திறந்ததும் ஓடும் தண்ணீர் ஒரு ரப்பர் டயாப்ரத்தைத் தள்ளுகிறது. அது ஒரு கம்பியை நகர்த்த, மைக்ரோ ஸ்விட்ச் வேலை செய்கிறது. உடனே இரண்டு பெரிய டார்ச் கட்டைகளின் 3 வோல்ட் மின்சாரத்தை இக்னிஷன் பாக்ஸ் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி, பர்னர் அருகிலுள்ள பீங்கான் பின்னில் 'டிக் டிக்' என்று பொறியாக விடுகிறது. கூடவே சோலினாய்டு வால்வு திறந்து கேஸ் வருகிறது. பக்கத்தில் இன்னொரு பின் உண்டு. அது நெருப்பு பற்றியதா என்று பார்க்கும் காவல்காரன். பற்றாவிட்டால் சில விநாடிகளில் பாக்ஸ் வால்வை மூடிவிடும்.

எனவே முதல் கேள்வி: "குழாயைத் திறந்தால் டிக் டிக் சத்தம் வருகிறதா?"

வரவில்லை என்றால் முதலில் செல்லைப் பாருங்கள். புதுச் செல் இரண்டும் சேர்ந்து 3 வோல்ட். 2.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுவதே மேல். விலை குறைந்த செல்லைப் போட்டுவிட்டு ஹீட்டரைக் குறை சொல்பவர்கள் அதிகம். செல் கசிந்து ஸ்பிரிங்கில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்தாலே போதும். பழைய செல் ஒன்றும் புதுச் செல் ஒன்றுமாகப் போடக் கூடாது.

அடுத்தது தண்ணீர். நமது வீடுகளில் தொட்டி மொட்டை மாடியில்தான் இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. பத்தடி உயரத் தொட்டி என்றால் 0.3 கிலோதான், ஹீட்டர் ஐந்தடி உயரத்தில் மாட்டியிருந்தால் அதிலும் பாதிதான் மிஞ்சும். டயாப்ரத்தைத் தள்ள அது பற்றாமல் போகலாம். தொட்டி பாதியாகும்போது மட்டும் ஹீட்டர் பற்றவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், தண்ணீர் அழுத்தம்தான். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் உள்ளே வரும் குழாயின் வலையில் உப்பும் மணலும் அடைத்திருக்கும். அதைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பத்து நிமிட வேலை. இதற்குப் பாக்ஸ் விற்றால் மறுநாள் திரும்பி வராமல் என்ன செய்யும்?

இரண்டும் சரி என்றால், சிலிண்டரை மூடிவிட்டு மூடியைக் கழற்றி, மைக்ரோ ஸ்விட்சின் நாக்கைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். பொறி வந்தால் பாக்ஸ் நலம்; டயாப்ரமோ கம்பியோதான் கோளாறு. வராவிட்டால் ஸ்விட்சையோ பாக்ஸையோ சந்தேகிக்கலாம். ஸ்விட்ச் பாக்ஸைவிட மலிவு, முதலில் அதைச் சோதியுங்கள்.

சத்தம் வந்தும் பற்றவில்லை என்றால் வேறு வழியில் போக வேண்டும். ரெகுலேட்டர் திறந்திருக்கிறதா, சிலிண்டர் காலியா என்பது சிரிப்பாகத் தோன்றினாலும் கேட்க வேண்டிய கேள்வி. சிலிண்டர் புதிதாக மாற்றியிருந்தால் குழாயில் காற்று நிற்கும். இரண்டு மூன்று முறை குழாயை மூடித் திறந்தால் சரியாகும், ஆனால் ஒவ்வொரு முறைக்கும் இடையே கேஸ் கலையச் சிறிது நேரம் விடவேண்டும். பின்னின் நுனிக்கும் பர்னருக்கும் இடைவெளி சுமார் 4 மில்லி மீட்டர் இருக்கவேண்டும். பீங்கானில் விரிசல் இருந்தால் பொறி நுனிக்குப் போகாமல் பக்கவாட்டில் பாயும். சிலிண்டரை மூடி, விளக்கை அணைத்துப் பார்த்தால் நீலமாகத் தெரிந்துவிடும்.

பற்றிச் சில விநாடிகளில் அணைகிறதா? காவல்காரப் பின்னில் கரி படிந்திருக்கும் அல்லது வயர் கழன்றிருக்கும். நன்றாக எரிந்து இருபது நிமிடத்தில் தானே அணைகிறது என்பவரிடம் ஹீட்டரைக் கழற்றவே வேண்டாம். பல மாடல்களில் பாதுகாப்புக்காக வைத்த கடிகாரம் அது.

உண்மையிலேயே பாக்ஸ்தான் போயிற்று என்றால், வாடிக்கையாளரிடம் பழைய பாக்ஸையே கொண்டுவரச் சொல்லுங்கள். 3 வோல்ட்டா, எத்தனை வயர், சொருகு முனை எந்த அளவு என்று பார்த்துக் கொடுத்தால் திரும்பி வராது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனி ஒரு நிறம் போடுகிறது. மாற்றும் முன் சிலிண்டர் மூட வேண்டும், செல்லை எடுக்க வேண்டும், வயர் இருக்கும் நிலையை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு பழைய வயரை ஒவ்வொன்றாக எடுத்துப் புதியதில் சொருகினால் குழப்பம் வராது. முடித்தபின் கேஸ் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்காமல் பற்றவைக்கக் கூடாது.

இனி நாம் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இரண்டு விஷயங்கள். தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் நம்முடையது. பொறி வரவில்லை என்றதும் குச்சியை உரசி நீட்டுகிறார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவும். நூறு பங்கு காற்றில் இரண்டு பங்கு கலந்தாலே நெருப்புக்குப் போதும். அதேபோல் சில மெக்கானிக்குகள் மைக்ரோ ஸ்விட்ச் வயர் இரண்டையும் முறுக்கி நிரந்தரமாகச் சேர்த்துவிடுகிறார்கள். தண்ணீர் ஓடாமலே பர்னர் எரிந்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் கொதித்துச் செம்புக் குழாய் வெடிக்கும். அப்படிச் செய்யக் கேட்பவருக்கு வயர்கூட விற்க வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.

மற்றொன்று ஹீட்டர் இருக்கும் இடம். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தரும் ஹீட்டர் முழுத் தீயில் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கேஸ் எரிக்கிறது. ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஆறுக்கு ஐந்தடி, எட்டடி உயரக் குளியலறையில் இருப்பதோ 7 கன மீட்டருக்கும் குறைவு. கதவைச் சாத்தி அரைமணிக்கு மேல் எரித்தால் அறையின் காற்று முழுவதும் அதற்கே போய்விடும். அதற்கு வெகுமுன்பே பிராணவாயு குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிப்பவர் தலை சுற்றி உட்கார்ந்தால் எழுந்து கதவைத் திறக்க மாட்டார். இதனால் உயிர் போன செய்திகள் பல ஊர்களிலிருந்து வந்திருக்கின்றன. ஹீட்டரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னரைச் சுத்தம் செய்யும்வரை உபயோகிக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். புது ஹீட்டர் கொள்முதல் செய்பவர்கள் ஐ.எஸ். 15558 எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து எடுக்க வேண்டும்.

வாடகை அறை வைத்திருப்பவர்கள் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைப் பூட்டக் கூடாது. அவர்களுக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். கேஸ் கசிவுக்கு அழைக்க வேண்டிய எண் 1906. பில்லின் பின்பக்கம் இந்த எண்ணை ரப்பர் ஸ்டாம்பு அடித்துக் கொடுத்தால் செலவு ஒன்றுமில்லை.

சீசனுக்குச் சரக்கு எடுப்பவர்கள் பாக்ஸ் பத்து எடுத்தால் மைக்ரோ ஸ்விட்ச், டயாப்ரம், பின் செட் ஆகியவற்றையும் கூடவே எடுத்து வையுங்கள். நல்ல பெரிய செல் ஒரு பெட்டி கல்லாப்பெட்டி அருகிலேயே இருக்கட்டும். முதலில் விற்கப் போவது அதுதான்.