விரல் நுனியில் மைக்கேலாஞ்சலோ

இத்தாலியின் அங்கோனா நகரைச் சேர்ந்த ஆல்டோ கிராசினி, டானியேலா பொட்டெகோனி தம்பதிக்குப் பார்வை கிடையாது; ஊர் சுற்றும் ஆசை மட்டும் நிறைய. போன அருங்காட்சியகங்களில் எல்லாம் ‘தொடாதே’ என்ற தடைதான் அவர்களை வரவேற்றது. அலுத்துப்போய், தொடுவதற்கென்றே ஓர் அருங்காட்சியகத்தை உருவாக்கப் பாடுபட்டார்கள். 1993-ல் பிறந்தது ‘ஓமேரோ’. பார்வையற்றவர் என்று சொல்லப்படும் கிரேக்கக் கவி ஹோமரின் பெயர் அது. 1999-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதை அரசு அருங்காட்சியகமாக்கியது.

அங்கே பெரும்பாலானவை பிளாஸ்டரிலும் ரெசினிலும் செய்த நகல்கள். விரலின் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் பளிங்கில் ஊறிக் கறையாகும், உலோகத்தை அரிக்கும். அதனால்தான் மூலத்தைத் தொட விடுவதில்லை. நகல்தானே என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. பளிங்கின் குளிர்ச்சி பிளாஸ்டரில் வராது என்பதும் உண்மைதான். ஆனால் உதட்டின் வளைவும் துணியின் மடிப்பும் அப்படியே வரும். தவிர, இக்காலச் சிற்பிகளின் அசல் படைப்புகளையும் அங்கே தடவிப் பார்க்கலாம்.

கண் ஒரே வீச்சில் முழுமையைப் பிடித்துவிடும். கையோ துண்டு துண்டாகச் சேகரிக்கிறது. மனம்தான் அவற்றை ஒட்டவைக்கிறது. ஆகவே அளவு முக்கியம். மைக்கேலாஞ்சலோவின் தாவீது 5 மீட்டருக்கும் மேல் உயரம், முகம் எட்டாது; தலையை மட்டும் கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். கட்டடங்களுக்கு நேர்மாறு. பார்த்தினான் கோயிலைச் சிறிய மாதிரியாகக் குறுக்கினால்தான் அதன் தூண் வரிசை கைக்குள் அடங்கும்.

ஓவியம்தான் சிக்கல். தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரிவது கண்ணின் கணக்கு. கைக்கு அது புரியாது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015-ல் ஆறு ஓவியங்களைச் சில மில்லிமீட்டர் புடைப்புடன் அச்சிட்டு வைத்தது. அதில் ஒன்று, உயிர்த்தெழுந்த இயேசு மகதலேனா மரியாளிடம் தன்னைத் தொட வேண்டாம் என்று சொல்லும் காட்சி! வெறும் புடைப்பு போதாது. எது முகம், எது மலை என்று ஒலிவிளக்கம் சொல்லச் சொல்லத்தான் விரல் வழி கண்டுபிடிக்கும்.

தில்லி தேசிய அருங்காட்சியகத்திலும் 2015-ல் ‘அனுபவ்’ என்ற தொடு கூடம் திறந்தார்கள். தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. சோழர் செப்புத் திருமேனிகளுக்குப் பிளாஸ்டர் நகல் தேவையே இல்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகில் உருச்செய்து உலோகத்தில் வார்க்கிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராசருக்கு அதே உலோகத்தில், அதே எடையுணர்வோடு, தொடுவதற்கென்று ஒரு நகல் செய்ய முடியும். அருங்காட்சியகத் துறை ஸ்தபதிகளிடம் கேட்க வேண்டும்.