பிறர் வற்புறுத்தல் இன்றி

2025 அக்டோபர் 2-ஆம் தேதி தென்கொரிய அதிபர் லீ ஜே-மியுங் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். பல பத்தாண்டுகளாக வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பப்பட்ட பிள்ளைகளிடமும், அவர்களைப் பெற்ற குடும்பங்களிடமும், ஏமாற்றப்பட்டது தெரியாமல் வளர்த்தவர்களிடமும். துறையூரில் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் செய்தியை வாசித்துக்காட்டினேன். அத்தை டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அவதான புள்ளயக் குடுத்தா? குடுத்தவகிட்ட அரசாங்கம் எதுக்கு மன்னிப்புக் கேக்குது?"

இந்தக் கேள்வியைத்தான் உலகம் முழுக்க அந்தத் தாய்மார்களிடம் ஐம்பது வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அவசரப்படாமல், அத்தைக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கினேன்.

மாமா இங்கே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே பத்திரம் எழுதியவர். அவர் எழுதிய பத்திரங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: நல்ல நினைவோடும் முழு மனச்சம்மதத்தோடும், பிறர் தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி எழுதிக் கொடுத்தது. அத்தைக்கு அது மனப்பாடம். "அந்த வரி இருந்துட்டா வற்புறுத்தலே இல்லைன்னு ஆயிடுமா அத்தை?" என்றேன்.

"அது எப்புடி ஆகும்? எழுதுற கை உங்க மாமாவோடது. உள்ள என்ன நடந்துச்சுன்னு யாரு கண்டா?"

ஆஸ்திரேலியாவில் உள்ளே என்ன நடந்தது என்பதை அந்த நாட்டு நாடாளுமன்ற மேலவையின் குழு ஒன்று விசாரித்து, 2012 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. 1950, 60, 70-களில் கல்யாணம் ஆகாமல் கருவுற்ற பெண்களை வீட்டார் ஊரார் கண்ணில் படாமல் விடுதிகளுக்கு அனுப்பினார்கள். பல விடுதிகளைத் தேவாலயங்கள் நடத்தின. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே பல பெண்களின் கேஸ் தாளில் குழந்தை தத்துக்குப் போகிறது என்று குறிப்பு எழுதியாகிவிட்டிருந்தது. அவளிடம் கேட்காமலேயே. பிள்ளை வெளியே வரும் நேரத்தில் முகத்துக்கு நேரே துணியையோ தலையணையையோ பிடித்து மறைத்தார்கள். தாய் முகம் பார்த்துவிட்டால் பிரிக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தூக்க மருந்து கொடுத்தார்கள், பால் வற்ற மருந்து கொடுத்தார்கள். சிலரைக் கட்டிலோடு கட்டினார்கள். சிலரிடம் பிள்ளை செத்துவிட்டது என்றார்கள். அந்த மயக்கத்திலேயே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். பல மாநிலங்களில், கையெழுத்துப் போட்ட பிறகும் முப்பது நாளுக்குள் மனம் மாறிப் பிள்ளையைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடம் இருந்தது. அதை அந்தப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லை.

1951 முதல் 1975 வரை அங்கே நடந்த தத்துகள் ஒன்றரை லட்சம் வரை இருக்கும் என்பது மதிப்பீடு. அத்தனையும் பறித்தது அல்ல. இதில் எத்தனை பறித்தவை என்று சொல்ல அந்தக் குழுவாலேயே முடியவில்லை. தாள்களிலோ சம்மதம் என்றே எழுதியிருந்தது.

2013 மார்ச் 21 அன்று கான்பெராவில் நாடாளுமன்றக் கட்டடத்தின் பெரிய அரங்கில் பிரதமர் ஜூலியா கில்லார்ட் எழுந்து நின்றார். எதிரே எண்ணூறு பேருக்கு மேல், அவர்களில் பலர் வயதான தாய்மார்கள். உங்கள் பிள்ளையை நேசிக்கவும் வளர்க்கவும் உங்களுக்கு இருந்த உரிமையை நாங்கள் பறித்தோம், உங்களைத் தாய் என்றே ஒப்புக்கொள்ளவில்லை என்று அரசின் வாயால் சொன்னார். தகப்பன்மார்களிடமும் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்டார். மனநல உதவிக்கும் பழைய ஆவணங்களைத் தேடித் தருவதற்கும், தேசிய ஆவணக்காப்பகத்தில் ஒரு கண்காட்சிக்குமாக 1 கோடியே 15 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கப்பட்டது.

அத்தையிடம் நான் அழுத்திச் சொன்னது, அவரை அடுத்து எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் பேசியபோது நடந்ததை. நல்ல மனதோடுதான் பேசினார். ஆனால் ஈன்ற பெற்றோர் என்ற பொருளில் ஒரு சொல்லையும், பிள்ளையை விட்டுக்கொடுத்தது என்ற பொருளில் இன்னொன்றையும் சொல்லிவிட்டார். அரங்கில் எதிர்ப்புக் குரல் கிளம்பியது. மன்னிப்பை வாங்கிக்கொள்ள வந்தவர்கள் ஏன் கத்தினார்கள்? அம்மா என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் அடைமொழி சேர்ந்தாலே அவள் பாதி அம்மா ஆகிவிடுகிறாள். விட்டுக்கொடுத்தாள் என்றாலோ பழைய பொய்ச் சம்மதம் மறுபடியும் உயிர் பெற்றுவிடுகிறது.

"நாங்க குடுக்கல, நீங்க புடுங்குனீங்கன்னு சொல்லச் சொல்றாங்க," என்றார் அத்தை.

அவ்வளவுதான் விஷயம். மன்னிப்பின் கனம் அந்த வினைச்சொல்லில்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு டீ போட்டுக் கொண்டுவந்தவர் அடுத்த கேள்வியையும் சேர்த்தே கொண்டுவந்தார். வீட்டார் மானத்துக்குப் பயந்து செய்தார்கள், சபையார் செய்தார்கள், நர்ஸ் செய்தார். அரசாங்கம் எங்கே வந்தது?

பிரிட்டன் அரசும் இதையேதான் சொன்னது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1949 முதல் 1976 வரை கல்யாணம் ஆகாத தாய்மார்களின் பிள்ளைகள் 1,85,000 பேர் தத்துப் போனதாக ஒரு நாடாளுமன்றக் குழு 2022-இல் கணக்குச் சொல்லி, அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றது. 2023-இல் அரசு கொடுத்த பதில்: சமூகத்தின் சார்பில் வருந்துகிறோம், ஆனால் அரசு இதை முன்னின்று நடத்தவில்லை, ஆகவே முறையான மன்னிப்பு பொருந்தாது. நம் ஊரில் வருத்தம் தெரிவிப்பதற்கும் மன்னிப்புக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் பஞ்சாயத்தில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். துக்கத்துக்குப் போனவன்கூட வருத்தம் தெரிவித்துவிட்டு வரலாம். மன்னிப்பு என்றால் கை நம்முடையது என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். அதே ஆண்டு மார்ச் மாதம் ஸ்காட்லாந்தில் அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் மன்னிப்பே கேட்டார்.

அரசின் கை எங்கே இருந்தது என்பதற்கு என் கண்ணில் பட்ட வலுவான சாட்சி ஆஸ்திரேலியாவின் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1971-72-இல் அங்கே ஒரே ஆண்டில் ஏறத்தாழ பத்தாயிரம் தத்துகள். 1973-இல் பிரதமர் விட்லமின் அரசு, தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்க்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. கருத்தடை மாத்திரை பரவியது, ஊர்ப்பேச்சின் கடுமையும் குறைந்தது. ஆனாலும் அந்தப் பணம் வந்த பிறகு, நானே வளர்க்கிறேன் என்று சொல்ல அவளுக்குக் காலடியில் ஒரு தரை கிடைத்தது. தத்துகள் சரிந்தன. அதற்கு முந்தைய வருடங்களில் அந்தத் தரையைப் போடாமல் இருந்தது யார்? கையெழுத்து வாங்கிய தாளைச் சட்டப்படி செல்லுபடியாக்கியது யார்? பிறப்புச் சான்றிதழில் அவள் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போட்டது யாருடைய அலுவலகம்?

அயர்லாந்தில் சம்மதம் பற்றிய கேள்வி இன்னும் கூர்மையாக வந்தது. தாய்-சேய் விடுதிகள் பற்றிய ஆணையத்தின் அறிக்கை வெளியானதும், 2021 ஜனவரி 13 அன்று பிரதமர் மிஹால் மார்ட்டின் மன்னிப்புக் கேட்டார். ஆராயப்பட்ட விடுதிகளில் சுமார் 9,000 குழந்தைகள் இறந்திருந்தார்கள். ஆனால் அதே அறிக்கை, தாய்மார்களுக்கு வேறு வழி அதிகம் இல்லாமல் இருந்திருக்கலாம், அதற்காக அதைக் கட்டாயத் தத்து என்று சொல்லிவிட முடியாது என்ற பொருளிலும் எழுதியது. தாய்மார்கள் கொதித்துப்போனார்கள். வேறு வழி இல்லாதபோது போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்பதா? என் மனதில் இதற்கு இரண்டு பதில் இல்லை.

"இது அவுங்க ஊரு கத," என்றார் அத்தை.

நம் ஊர்க் கதையில் அந்தக் கையெழுத்துகூட இல்லை. 1990-களின் கடைசியில் சென்னையின் ஏழைத் தெருக்களிலிருந்து குழந்தைகள் காணாமல் போனார்கள். 1999-இல் புளியந்தோப்பில் வீட்டாரோடு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஓர் ஆண் குழந்தை இரவோடு இரவாகக் காணாமல் போனான். பெற்றவர்கள் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார்கள். 2005-இல் பிள்ளை பிடிக்கும் கும்பல் ஒன்று போலீஸில் சிக்கியபோதுதான், பிடித்த பிள்ளைகளை மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற காப்பகத்துக்கு விற்றதாகவும், அங்கிருந்து அவர்கள் வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பப்பட்டதாகவும் தெரியவந்தது. வழக்கு சிபிஐ கைக்குப் போனது. புளியந்தோப்புப் பிள்ளை நெதர்லாந்தில் வளர்வதாகத் தகவல் கிடைத்தது. பெற்றவர்கள் அந்த நாட்டு நீதிமன்றம் வரை போய் மரபணுச் சோதனை கேட்டார்கள். 2010-இல் நீதிமன்றம் அதற்கு மறுத்துவிட்டது.

இப்படிப் போன பிள்ளைகளுக்கும் தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. வேறு பெயர், வேறு தாய், மனமுவந்து ஒப்படைக்கிறேன் என்ற பத்திரம். இலங்கையில் 1980-களில் சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனபோதும் இதே வழிதான். யாரோ ஒரு பெண்ணுக்குப் பணம் கொடுத்து, தாய் என்று சொல்லி நிற்க வைத்தார்கள். 2017-இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று அதைக் காட்டியபோது, தன் உண்மையான தாய் என்று பல வருடம் நம்பியவர் அப்படி நடிக்க வந்தவர் என்று சில பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

2021 பிப்ரவரியில் நெதர்லாந்து அரசின் விசாரணைக் குழு, அறுபதுகளிலிருந்தே முறைகேடு தெரிந்தும் அரசு கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று சொன்னது. அமைச்சர் சாண்டர் டெக்கர் தத்துப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டார். அது வளர்ந்த பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன சொல். புளியந்தோப்பைப் பார்த்துச் சொன்னது அல்ல. நம் அரசுகளும் சொல்லவில்லை. கான்பெரா அரங்கில் கில்லார்ட் பேசிய அன்றைக்கு, சென்னையிலிருந்து அதே காப்பகம் வழியாகப் போன பிள்ளைகள் ஆஸ்திரேலியாவிலும் இருந்தார்கள். அவர்களின் தாய்மார்களுக்கு அந்த அரங்கில் நாற்காலி இல்லை.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்பவும் நடக்குதே. ராசிபுரத்துல நடக்கலியா?" என்றார்.

கொல்லிமலைக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் ராசிபுரம். 2019 ஏப்ரலில் அங்கே ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை என்று போனில் பேசிய ஒலிப்பதிவு வெளியானது. பிறப்புச் சான்றிதழுக்குத் தனி ரேட். வழக்கு சிபிசிஐடி வரை போனது. கொல்லிமலையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவரும் கைதானார். மலையிலிருந்து இறங்கி வந்து பெற்ற பெண்களிடம் அந்தப் பிள்ளைகளை என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதை நாம் யாரும் நின்று கேட்கவில்லை. எத்தனை ரூபாய்க்குப் போனது என்றுதான் பேசினோம்.

சட்டம் இப்போது தெளிவாகவே இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பிள்ளையை வளர்க்க முடியாத தாய் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால்தான் ஒப்படைக்க வேண்டும். குழு அவளுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். ஒப்படைத்த பிறகும் இரண்டு மாதம் அவள் மனம் மாறலாம். அதற்குள் பிள்ளையைத் தத்துக் கொடுக்கக் கூடாது. 1098-க்கு ஒரு போன் போட்டால் வழி சொல்வார்கள். தாய் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இரண்டு மாதம்தான். ஆஸ்திரேலியாவில் முப்பது நாளை மறைத்தது போல இங்கே அறுபது நாளை யாரும் மறைத்துவிடக் கூடாது.

"நம்ம பக்கம் தத்துக் குடுத்தா அன்னைக்கே தவிட்டக் குடுத்து வாங்கிட்டு வந்துருவோம்," என்றார் அத்தை. பிள்ளை தங்க வேண்டும் என்று சாமிக்குக் கொடுத்து, ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கும் வழக்கத்தைச் சொல்கிறார். அவர் தம்பிக்கே சின்ன வயதில் அப்படிச் செய்திருக்கிறார்கள். திரும்ப வாங்கலாம் என்று தெரிந்துதான் அந்த அம்மா கையை நீட்டுகிறாள்.

தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் நிலைப்படியிலேயே நின்றார்.

"ஒரு தடவ அண்ணந்தம்பி ரெண்டு பேரு தங்கச்சியக் கூட்டியாந்தாங்க, விடுதலைப் பத்திரம் எழுத. இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். உங்க மாமா அவனுங்கள டீ குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிட்டு, அந்தப் புள்ளகிட்ட தனியாக் கேட்டாரு, 'உனக்குச் சம்மதமாம்மா?'ன்னு. அது வரைக்கும் யாருமே அவள்ட்ட கேக்கல போலருக்கு. அழுதுருச்சு. அன்னைக்குப் பத்திரம் எழுதல. முத்திரத்தாளு ரொம்ப நாளு பொட்டியிலயே கெடந்துச்சு."