பழைய கணினிக்குப் புதிய விண்டோஸ் வேண்டுமா?

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு இலவசமாகப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதனால் எந்தக் கணினியும் அணைந்துபோகவில்லை. மறுநாளும் திரை ஒளிர்ந்தது, ரசீது அச்சானது. அதனாலேயே இந்த முடிவைத் தள்ளிப்போடுவது எளிதாகிவிடுகிறது. கணினியின் வயதையோ வேகத்தையோ வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. அதில் என்ன வேலை நடக்கிறது, அது இணையத்தில் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் கணினியில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக ஊழியர்களின் மத்திய சேம நிதிச் சந்தா கட்டப்படுகிறது, கடையின் வங்கிக் கணக்கு பார்க்கப்படுகிறது. மாடியில் இருக்கும் இன்னொரு பழைய கணினி விலைச்சீட்டு மட்டும் அச்சடிக்கிறது. இரண்டுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.

முதல் கணினிக்கு ஏன் திருத்தங்கள் அவசியம்? ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருளில் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டும் பெரும்பகுதி ஒரே நிரல்களால் ஆனவை. 11-இல் அடைக்கப்படும் ஓட்டை 10-இல் திறந்தே கிடக்கலாம். அது எங்கே இருக்கிறது என்பதை அந்தத் திருத்தமே திருடர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். வைரஸ் தடுப்பு மென்பொருள் இருக்கிறதே என்பார்கள். அது ஏற்கெனவே அடையாளம் தெரிந்த ஆபத்துகள் பலவற்றைப் பிடிக்கும். இயங்குதளத்தின் அடித்தளத்தில் உள்ள ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. சின்னக் கடையை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்றும் கேட்பார்கள். 2017 மே மாதம் பரவிய, பணம் கேட்டு மிரட்டும் வானாக்ரை என்ற நச்சுநிரல் யாரையும் குறிவைக்கவில்லை. திருத்தம் போடாத கணினிகளைத் தானே தேடித் தேடிப் பிடித்தது. இங்கே டியோங் பாரு பிளாசா கடைத்தொகுதியின் வழிகாட்டித் திரையில்கூட அதன் மிரட்டல் அறிவிப்பு தெரிந்தது. அதற்கான திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்திருந்தது. 2018-இல் 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்ட சிங்ஹெல்த் சுகாதாரக் குழும ஊடுருவலிலும், ஓர் ஊழியர் கணினியில் திருத்தம் போடாத அவுட்லுக் மென்பொருள் திருடர்களுக்கு உதவியது என்று விசாரணைக் குழு கண்டது. இருந்த திருத்தத்தைப் போடாததற்கே இவ்வளவு விலை. இனித் திருத்தமே வராத கணினியில் வங்கிக் கணக்குக்குள் நுழைவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

அப்படியானால் விண்டோஸ் 11-க்கு மாறலாமா? மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஓடவிட்டால் கணினி தகுதியுள்ளதா என்று சொல்லிவிடும். இண்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை, அதாவது 2017-இன் பிற்பகுதியில் வந்த சிப்போ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தேவை. 'டிபிஎம் இல்லை' என்று வந்தாலும் உடனே கைவிட்டுவிடாதீர்கள். பல கணினிகளில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கணினி தொடங்கும்போதே பயாஸ் திரைக்குள் போய், இண்டெல்லில் பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் இருப்பதை இயக்கினால் போதும். தகுதி இருந்தும் வன்தட்டு பழைய சுழல்வகையாக, ரேம் 4 ஜிபியாக இருந்தால், முதலில் ஓர் எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் போட்டுவிட்டு மாறுங்கள். சிம் லிம் ஸ்குவேரில் இரண்டும் கிடைக்கும். தகுதியில்லாத கணினியில் குறுக்குவழியில் விண்டோஸ் 11 போடுபவர்களும் உண்டு. அப்படிப் போட்டால் திருத்தங்கள் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. திருத்தத்துக்காக மாறிவிட்டு அதையே இழப்பதில் பொருளில்லை.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு தயக்கம் உண்டு, அது நியாயமானது. நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய 1990-களில், யூனிகோடுக்கு முன், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. கோவில் மலர்களும் சங்க ஆண்டறிக்கைகளும் அப்படிப்பட்ட கோப்புகளில் இன்னும் இருக்கலாம். எழுத்துரு போய்விட்டால் கோப்பைத் திறக்கும்போது புரியாத ஆங்கிலக் குறிகள்தான் தெரியும். 16 பிட் காலத்து நிரல்களும் விண்டோஸ் 11-இல் ஓடாது. ஆகவே மாறுவதற்கு முன் எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்துப் படியெடுத்து, எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். அதுவரை பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அப்படியே வைத்திருக்கலாம். மாடியில் விலைச்சீட்டு அடிக்கும் கணினிக்கும் இதே வழிதான்.

நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப்போடச் சொல்வது விற்பனைத் தந்திரம் என்ற குற்றச்சாட்டு எஞ்சுகிறது. அதில் பாதி உண்மை என்றே நினைக்கிறேன். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. செமாக்காவ் குப்பைநிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். ஆனால் கணினியைத் தூக்கிப்போடாமலே பாதுகாப்பைப் பெறலாம். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் வரை திருத்தங்களை நீட்டிக்க மைக்ரோசாஃப்ட் வழி செய்தது. வணிகக் கணினிகளுக்குத் தனிக் கட்டணத்தில் மூன்று ஆண்டுவரை கிடைக்கும். இணையம், மின்னஞ்சல், கடிதம் மட்டும் போதும் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இலவசம்; பத்து வயதுக் கணினியிலும் ஓடும், திருத்தங்களும் தவறாமல் வரும். சிங்பாஸ் குறியீட்டைக் கைப்பேசியால் வருடி உள்ளே நுழைய உலாவி இருந்தால் போதும். டாலி போல விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைக்கு மட்டும் லினக்ஸ் ஒத்துவராது. கணினிக்கு விண்டோஸ் 11 தகுதியும் இல்லையென்றால், அந்தக் கடைக்காரர்கள் கடைசியில் புதிய கணினி வாங்கத்தான் வேண்டும். வாங்கிய பிறகு, பழையதை மின்கழிவுத் தொட்டியில் போடுவதற்கு முன் வட்டை முழுதாக அழித்துவிடுங்கள், அல்லது கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதில் வாடிக்கையாளர்களின் பெயர்களும் எண்களும் இருக்கின்றன.